பச்சைக் காப்பியும் மூன்றாவது கிண்ணமும்

தொண்ணூறு கிலோவுக்குக் குறைந்தால் வலது முழங்காலை மாற்றித் தருவதாக எலும்பு மருத்துவர் ஹலிலோவிச் உறுதியளித்தார். குறையாவிட்டால் கத்தியைக் கையில் எடுக்க மாட்டார் என்பதையும் அதே குரலில் தெரிவித்தார். ரசேமா அன்று நூற்றாறு கிலோ இருந்தாள். அவளுடைய வீடு நான்காம் மாடியில் இருந்தது. அக்கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. மருத்துவமனைப் பணியாளர் இருவர் அவளை நாற்காலியில் அமர்த்தி மேலே சுமந்து சென்றனர். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவன் மூச்சு வாங்கியபடி, "அடுத்த தடவை கீழ் வீட்டுக்கு மாறிட்டுக் கூப்பிடுங்க அம்மா" என்றான். அவள் சிரித்தாள். கதவு மூடிய பின்னர் அச்சிரிப்பு நின்றது. முழங்கால் மாறினாலன்றி இனித் தெருவில் கால் வைக்க இயலாது என்பதை அவள் ஐயமற உணர்ந்திருந்தாள்.

உயரம் அவளுக்குப் புதிதன்று. ஸெனிட்ஸா நகர உருக்காலையில் ஓய்வு பெறும் நாள் வரை பாரந்தூக்கி ஓட்டியவள் அவள். கூரையை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில் தனியே அமர்ந்து, செந்நிறத்தில் தகிக்கும் இரும்புப் பாளங்களை எடுத்து வைப்பாள். கீழே நின்று சைகை காட்டியவள் ஸும்ரா. ஆலையின் இரைச்சலில் குரல் பயன்படாது, கைகளே பேசும். சுட்டுவிரல் மேல்நோக்கிச் சுழன்றால் தூக்கு. கீழ்நோக்கிச் சுழன்றால் இறக்கு. உள்ளங்கை விரிந்து நின்றால் நில். அவ்வேலையில் ஒரு விதி உண்டு. நில் என்னும் சைகையை வழியே போகிறவன் காட்டினாலும் ஓட்டுநர் பணிதல் வேண்டும். தூக்கு, இறக்கு என்பவற்றையோ தனக்குரிய சைகையாள் காட்டினாலன்றி அசைதல் கூடாது. ஸும்ராவின் விரலைத் தவிர வேறு எவர் விரலுக்கும் ரசேமா அசைந்ததில்லை.

இருவரும் ஒரே கட்டடத்தில் வசித்தனர். ஸும்ராவின் வீடு முதல் மாடியில் இருந்தது. ரசேமாவின் கால் கெட்ட பின்னர், ஸும்ரா நாள்தோறும் முற்பகலில் மூன்று மாடி ஏறி வருவாள். கையில் ஒருபோதும் வெறுமை இராது. பெரும்பாலும் வட்டத் தட்டு நிறைய பீட்டா கொண்டு வருவாள்; மெல்லிய மாவுக்குள் உருளைக்கிழங்கையோ பாலாடைக்கட்டியையோ பொதிந்து, சுருளாகச் சுற்றிச் சுட்ட பீட்டா. ரசேமா செம்புக் கிண்டியில் காப்பி காய்ச்சுவாள். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் தோய்த்துக் கடித்து, அதன் மேல் ஒரு மிடறு பருகி, அவ்விரு பெண்களும் நண்பகல் வரை பேசுவார்கள்.

அப்பேச்சுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் கிண்ணம் வரவேற்புக் காப்பி. இரண்டாவது பேச்சுக் காப்பி. அதனை எத்தனை நேரமும் நீட்டலாம். மூன்றாவது கிண்ணத்திற்குக் கிளம்பு காப்பி என்று பெயர். விருந்தினர் எழாதிருந்தால், வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது கிண்ணத்தைக் கொண்டு வந்து வைப்பாள். வந்தவர் அதனைக் குடித்துவிட்டுப் புறப்படுவார். எவரும் எவரையும் கடிந்துகொள்ள வேண்டிய தேவை எழாது. ரசேமாவும் ஸும்ராவும் பழகிய காலம் முழுவதும் மூன்றாவது கிண்ணம் ஒன்று அவர்கள் நடுவில் வைக்கப்பட்டதே இல்லை.

மருத்துவரின் நிபந்தனையைக் கேட்டதும், ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பணிபுரியும் மகள் பெல்கிசா தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, இங்க எல்லாரும் பச்சைக் காப்பி குடிக்கிறாங்க. வறுக்காத கொட்டை. அதுல இருக்கிற ஏதோ ஒரு சத்து கொழுப்பைக் கரைக்குமாம். ஒரு பை அனுப்புறேன்."

"வறுக்காத காப்பியா? அதை மாடுகூடத் தின்னாதுடி."

"மாடு எதுக்கு எளைக்கணும்? நீதான் எளைக்கணும்."

பை வந்து சேர்ந்தது. கொட்டைகள் கழுவிய கூழாங்கற்களைப் போல வெளிர்பச்சையாக இருந்தன. ரசேமா அவற்றைத் தன் பித்தளைக் கைஅரைவையில் இட்டுச் சுற்றினாள். வறுத்த கொட்டை நொறுங்கும், வறுக்காதது நொறுங்காது. மூன்றாம் சுற்றில் கைப்பிடியின் திருகு அறுந்து அடுப்புக்கு அடியில் உருண்டது. அரைவையை மடியில் வைத்துக்கொண்டு அவள் நெடுநேரம் அமர்ந்திருந்தாள். பாளங்களைத் தூக்கிய கைக்கு ஒரு பிடிக் கொட்டை அடங்கவில்லை.

அவ்வட்டாரத்தின் மூலிகைக் கடைக்காரன் ஷாச்சிர் இச்செய்தியைக் கேட்டுச் சிரித்தான். தன் கடையில் பொடியாகவே விற்பதாகச் சொல்லி, ஒரு பொட்டலத்தை அவனே மேலே கொண்டு வந்து கொடுத்தான். வாசற்படியில் நின்று மார்பைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க வீட்டுக்கு மாசம் ரெண்டு தடவை வந்தா நானே எளைச்சிடுவேன் அக்கா. பொடி வேண்டியதில்ல."

"இது நெசமா வேலை செய்யுமா, ஷாச்சிர்?"

"ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. சின்னச் சின்ன ஆராய்ச்சி. கொஞ்சம் பேர் கொஞ்சம் எளைச்சாங்களாம். பொய் சொல்லி விக்கிற ஆளில்ல நான்; உண்மையைச் சொல்லியும் வித்துடுவேன். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால குடிக்கணும். அது முக்கியம்."

மறுநாள் முற்பகலில் ஸும்ரா வழக்கம்போல வந்தாள். தட்டில் கீரை பீட்டா இருந்தது. முதல் கிண்ணம் முடிந்தது. இரண்டாவது கிண்ணத்தின்போது அவள் தன் மகன் நெர்மினைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். ஸ்வீடனில் வாழும் அவன் இவ்வாண்டும் தாயை அழைக்கவில்லை. வீட்டில் இடமில்லை என்று மருமகள் சொல்லிவிட்டாளாம்.

"இடமில்லையாம், கோனா. மூணு படுக்கையறை. ஒண்ணுல நாய் தூங்குது."

அண்டைவீட்டுத் தோழியைக் கோனா என்று அழைப்பது அவ்வூர்ப் பெண்களின் வழக்கம்.

"நாய் பெருசா?"

"என்னை விடச் சின்னது. அதான் எனக்கு வருத்தம்."

ஸும்ரா இவ்வாறு கேலியாகத் தொடங்கினாலும், அவள் குரல் வர வர இறங்கியது. அவள் முன்னர் இருமுறை சொன்னதையே மீண்டும் சொன்னாள். இம்முறை முழுமையாகச் சொன்னாள். அவ்வேளையில் ரசேமா சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தாள். நண்பகலுக்கு அரை மணியே இருந்தது. மருந்தின் நேரம் தவறினால் பயன் தவறும் என்று அவள் எண்ணினாள். சமையலறைக்குச் சென்று பச்சைப் பொடியைக் கொதிக்க வைத்தாள். தான் மட்டும் பருகுவது விருந்தோம்பலுக்கு இழுக்கு ஆதலின், இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள். அதன் சுவையைப் பற்றி ஸும்ரா என்ன கேலி செய்வாள் என்பதைக் கேட்கும் ஆவலால், அது இன்னதென்று முன்கூட்டி அறிவிக்கவும் இல்லை. கிண்ணத்தைக் கொண்டுவந்து, பேசிக்கொண்டிருந்தவளின் முன் வைத்தாள்.

ஸும்ரா பேச்சை நிறுத்தினாள். கிண்ணத்தைப் பார்த்தாள். நுரையில்லாத, மணமில்லாத, பட்டாணி வேகவைத்த நீரைப் போன்ற ஒரு காப்பி. பின்னர் கடிகாரத்தைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்து ஒரே மிடறில் குடித்து முடித்தாள்.

"நேரமாச்சு" என்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாப் புரியுது" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை அணிந்துகொண்டாள். தட்டை எடுத்துச் செல்ல மறந்தாள். அல்லது மறக்கவில்லை. பாதி பீட்டாவுடன் அத்தட்டு மேசையின் நடுவில் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அது செம்மிளகாயைச் சுட்டு அரைத்துப் புட்டிகளில் அடைக்கும் பருவம். ஒவ்வொரு மாடத்திலிருந்தும் தோல் கருகும் மணம் எழுந்துகொண்டிருந்தது. அவ்வேலையால் வராதிருக்கிறாள் என்று ரசேமா கருதினாள். தொலைபேசியில் அழைத்தபோது ஸும்ரா, "மிளகா நிறைய இருக்கு. கை ஒழியல" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. மின்கட்டணம் கேட்டு வருபவரிடம் பேசும் குரல் அது. புட்டிகள் அடைக்கப்பட்டன, மணம் அடங்கியது, மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்பியது. ஸும்ரா முற்றத்தைக் கடந்து ரொட்டி வாங்கச் செல்வதை ரசேமா மேலிருந்து கண்டாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முன்பு பொருள் வாங்குவதற்காக ரசேமா மாடத்திலிருந்து கயிற்றில் கூடையை இறக்கும்போது ஸும்ரா கீழே நின்று விரலைச் சுழற்றி வழிகாட்டுவாள். கூடை எவர் சாளரத்திலும் இடிக்காமல் தரையைத் தொடும். இப்போது மளிகைக் கடைக்காரன், "விடுங்க, விடுங்க, போதும், அய்யய்ய, கொஞ்சம் மேலே" என்று கத்தினான். கூடை மூன்றாம் மாடிக்காரர் உலர்த்திய துணிகளில் சிக்கியது. அவள் பொருள் வாங்குவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருவருக்காக மட்டும் பீட்டா மாவை விரிப்பது நகைப்புக்குரிய செயல். மேசை அளவு மாவை விரித்து, ஒரு துண்டை வெட்டி உண்டு, மிகுதியைக் கண்டு அஞ்ச வேண்டிவரும். ஆகவே அவள் மாவை விரிக்கவில்லை. காப்பி காய்ச்சவும் இல்லை. கிண்டி ஒருவருக்கென்று செய்யப்பட்டதன்று. சர்க்கரைக் கட்டிகள் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காலையில் தயிரும், இரவில் ஆப்பிளும், இடையே பச்சைக் காப்பியும் அவளுடைய உணவாயின. பசி தோன்றும், பேச ஆளின்றித் தட்டின் முன் அமர்ந்தால் அப்பசி நாணி எழுந்து போய்விடும். நண்பகலுக்கு அரை மணி முன்னர் அவள் பச்சை நீரைத் தவறாது பருகினாள். அதுவே அவள் நாளில் எவரோ குறித்துக் கொடுத்த ஒரே நேரமாக இருந்தது.

எடைக்கருவியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. பெல்கிசா தொலைபேசியில் மகிழ்ச்சி அடைந்தாள்.

"பார்த்தியா அம்மா, நான் சொன்னேன்ல."

"சொன்னே."

"ஸும்ரா அத்தையும் குடிக்கிறாங்களா?"

"அவளுக்கு மிளகா வேலை" என்றாள் ரசேமா. அப்போது வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

பனிக்காலத்தின் நடுவில் ஷாச்சிர் புதிய பொட்டலத்துடன் வந்தான். ரசேமாவை மேலும் கீழும் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, நீங்க பாதி ஆள் ஆயிட்டீங்க. கடையில உங்க பேரைச் சொல்லித்தான் விக்கிறேன். நாலாம் மாடி ரசேமாவோட காப்பின்னு கேட்டு வாங்குறாங்க. ஸும்ரா அக்காகூட வாங்கிட்டுப் போறாங்க."

"ஸும்ராவா?"

"அவங்களேதான். ஆனா உங்க மேல கோவம் போல. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காங்க. மகனைப் பத்தி மனசு விட்டுப் பேசிக்கிட்டிருந்தேன், அவ கடிகாரத்தைப் பார்த்தா, மூணாவது கிண்ணத்தைக் கொண்டாந்து வச்சா, அதுவும் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரின்னு. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒழுங்கான கிளம்பு காப்பிகூட எனக்குக் கெடைக்கலன்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க சிரிக்கல."

ரசேமா நாற்காலியின் பிடியைப் பற்றினாள். மேசை, கடிகாரம், கிண்ணம் ஆகிய மூன்றும் அவள் நினைவில் ஒரே கணத்தில் தம் இடங்களில் அமர்ந்தன.

"அது மருந்து, ஷாச்சிர். நீ கொடுத்த மருந்து."

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு சொன்னா? ஒரு போன் போடுங்க. அரை நிமிஷ வேலை. சிரிச்சுக்கிட்டே மேல ஏறி வருவாங்க, கையில தட்டோட."

அவன் சென்ற பின்னர் ரசேமா தொலைபேசியை எடுத்தாள். எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை. விரல் தானே அழுத்தியது. கடைசி இலக்கத்திற்கு முன் அது நின்றது. கையில தட்டோட என்று ஷாச்சிர் சொன்னது அவள் செவியில் இருந்தது. அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, குளியலறைக்குச் சென்று எடைக்கருவியின் மேல் ஏறி நின்றாள். தொண்ணூற்று நான்கு காட்டியது.

ஸும்ரா வந்தால் பீட்டா வரும். பீட்டாவை மறுத்தால் அது மூன்றாவது கிண்ணத்தை விடப் பெரிய அவமதிப்பாகும். மறுக்காவிட்டால் முள் மேலே ஏறும். மருத்துவர் குறித்த நாள் பனி உருகும் காலத்தில் இருந்தது. அதனைத் தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவாள். வரிசையோ ஓராண்டு நீளமுடையது. எடையைக் குறைத்தது பச்சைக் காப்பி என்று ஊரார் நம்பினர். அவளும் அவ்வாறே நம்பி வந்தாள். அன்று எடைக்கருவியின் மேல் நின்றபடி, அஃது அவ்வாறன்று என்பதை அவள் அறிந்துகொண்டாள். மேசைக்கு எதிரே இருந்த நாற்காலி ஒழிந்து கிடந்ததே அம்மருந்து. அதனை இன்னும் சில வாரம் ஒழிந்தே கிடக்க விட்டால் முழங்கால் கிடைக்கும்.

அவள் தொலைபேசியிடம் திரும்பிச் செல்லவில்லை.

அதன் பிறகு வந்த நாள்கள் முந்தைய நாள்களைப் போலவே கழிந்தன. எனினும் அவை முந்தையவை அல்ல. முன்பு தனிமை அவளுக்கு நேர்ந்தது. இப்போது அதனை அவளே காய்ச்சி, அவளே பருகினாள். கீழே முற்றத்தில் ஸும்ரா நடக்கும்போது ரசேமா திரைச்சீலைக்குப் பின்னால் விலகி நின்றாள். எஞ்சிய பீட்டாவை அவள் முதல் வாரமே உண்டிருந்தாள். தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல் வைத்திருந்தாள். பிறர் வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது அவ்வூரில் வழக்கமில்லை. அத்தட்டில் எதனை இட்டு நிரப்புவது என்று அவள் ஒவ்வொரு நாளும் எண்ணினாள்.

குறித்த நாளில் மருத்துவர் ஹலிலோவிச் எடையைப் பார்த்தார். எண்பத்தொன்பது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்து பார்த்தார்.

"என்ன பண்ணீங்க அம்மா?"

"பச்சைக் காப்பி குடிச்சேன், டாக்டர்."

"அதுல ஒரு கிலோ குறையலாம், ரெண்டு குறையலாம். அதுவும் நிச்சயம்னு சொல்ல மாட்டேன். பதினேழு கிலோ காப்பியில போகாது. சரியாச் சாப்பிடுறீங்களா? வீட்டுல கூட யாராவது இருக்காங்களா?"

"தொண்ணூறுக்குக் கீழ வந்தாச்சுல்ல, டாக்டர்" என்றாள் ரசேமா.

அவர் தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பின்னர் கையெழுத்திட்டார்.

அறுவை நன்கு முடிந்தது. பெல்கிசா லின்ஸிலிருந்து வந்து இரண்டு வாரம் உடனிருந்து திரும்பினாள். பயிற்சியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, படியேறும்போது நல்ல கால் முன்னே செல்ல வேண்டும், இறங்கும்போது புதிய கால் முன்னே செல்ல வேண்டும் என்று கற்பித்தார். லிண்டன் மரங்கள் பூத்த வாரத்தில் ரசேமா அலமாரியின் மேலிருந்த தட்டை எடுத்தாள். பெல்கிசாவைக் கொண்டு வாங்கி வைத்திருந்த கால் கிலோ வறுத்த காப்பியையும், ஒரு பெட்டி சர்க்கரைக் கட்டியையும், ரோஜா மணக்கும் ராத்லுக் மிட்டாயையும் அதில் வைத்து, துணியால் மூடிப் பைக்குள் இட்டாள். ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் படிக்கட்டுக் கைப்பிடியுமாக, தோளில் பை தொங்க, மூன்று மாடி இறங்கினாள்.

ஸும்ரா கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் முழங்காலைப் பார்த்தாள்.

"இறங்கிட்டியா."

"இறங்கிட்டேன்."

"யாரு புடிச்சுக்கிட்டாங்க?"

"கைப்பிடிதான்."

"உள்ள வா. செருப்பைக் கழட்ட வேண்டாம்."

குனிய இயலாதவளுக்குக் காட்டிய பரிவாக அது இருக்கலாம். ஆனால் அக்கட்டடத்தில், மின்மானி பார்க்க வருபவரிடந்தான் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்வார்கள். ரசேமா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிரமப்பட்டுக் குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஸும்ரா உதவவில்லை, தடுக்கவும் இல்லை. தட்டை வாங்கிக்கொண்டு துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"வறுத்த காப்பி. பரவாயில்ல."

அவள் காப்பி காய்ச்சினாள். முதல் கிண்ணத்தைக் குடித்தார்கள். அடுப்புக்கு மேலிருந்த பலகையில் ஷாச்சிரின் பொட்டலம் ஒன்று பாதி காலியாக நின்றது. ரசேமாவின் பார்வை அங்கே செல்வதை ஸும்ரா கண்டாள்.

"நானும் குடிக்கிறேன். பனிக்காலம் பூரா குடிச்சேன். ஒரு கிராம் இறங்கல. நீ மட்டும் எலும்பாப் போயிட்டே. எப்படிக் குடிச்சே? தேன் கலந்தா? வெறும் வயித்துலயா?"

"ஷாச்சிர் சொன்ன மாதிரிதான்."

"அப்புறம் எனக்கு ஏன் ஆகல?"

"உன் வீட்டுக்கு யார் யார் வர்றாங்க?"

"இதென்ன கேள்வி? ரெண்டாம் மாடிக்காரி வர்றா. என் தங்கச்சி வர்றா. வர்றவங்களுக்குப் பீட்டா போடாம இருக்க முடியுமா?"

ரசேமா கிண்ணத்தை வைத்தாள்.

"அது காப்பி இல்ல, கோனா. நீ வரலை. அதுலதான் எளைச்சேன்."

ஸும்ரா இரண்டாவது கிண்ணத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்டி ஒரு கணம் அசையாது நின்றது. பின்னர் ஊற்றி முடித்தாள்.

"அப்போ நான்தான் உன் கொழுப்பா."

"உன் பீட்டா."

"பீட்டா தானா மூணு மாடி ஏறி வரல."

"நான் அன்னிக்கு வச்சது கிளம்பு காப்பி இல்ல. அது மருந்து. உனக்கும் ஒரு வாய் கொடுத்து, நீ மூஞ்சியைச் சுளிக்கிறதைப் பார்க்கலாம்னு வச்சேன்."

"தெரியும். முதல் பொட்டலம் வாங்கிக் காய்ச்சின அன்னிக்கே அந்த ருசியில கண்டுபுடிச்சிட்டேன். சரி, மருந்துதான் வச்சிருக்கா, அவளே கூப்பிடுவான்னு இருந்தேன். நீ கூப்பிடல." அவள் சர்க்கரைக் கட்டியை எடுத்தாள், தோய்க்காமல் திரும்ப வைத்தாள். "நான் கோவப்பட்டுக்கிட்டு இருந்தது உனக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

"பாதிப் பனிக்காலத்துல தெரிஞ்சிடுச்சு. ஷாச்சிர் சொன்னான். போனை எடுத்தேன். நம்பரும் அழுத்தினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் போய் எடை பார்த்தேன்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"தொண்ணூத்தி நாலு."

சமையலறைச் சாளரத்திற்கு வெளியே எவரோ கம்பளத்தை அடித்துக்கொண்டிருந்தனர். ஸும்ரா மேசைவிரிப்பின் ஓரத்தை விரலால் நீவிச் சமன் செய்தாள்.

"நாலு கிலோவுக்கு" என்றாள். மீண்டும் விரிப்பை நீவியபடி, "நெர்மின் வீட்டுலயாவது என் இடத்துல ஒரு நாய் தூங்குது" என்றாள்.

கம்பளத்தின் ஓசை நின்றது. ஸும்ரா எழுந்து கிண்டியில் மீண்டும் நீர் வைத்தாள். ரசேமா கொண்டுவந்த வறுத்த காப்பியை அளந்து இட்டாள். நுரை பொங்கும் வரை காத்திருந்தாள். கரண்டியால் நுரையைப் பகிர்ந்து, நல்ல மணம் எழ, மூன்றாவது கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தாள். ஒழுங்கான காப்பியாகவே அது இருந்தது. ரசேமா அதனைச் சர்க்கரையின்றி, மண்டி வரை குடித்தாள்.

"படி ஏறணும் உனக்கு" என்றாள் ஸும்ரா. "நேரமாச்சு."

செருப்பை அணிவதற்கு நெடுநேரம் பிடித்தது. கதவு திறந்தே இருந்தது. ரசேமா நல்ல காலை முன்னே வைத்து ஏறத் தொடங்கினாள். மேலே ஏற ஏறத் தன் வீடு நினைவுக்கு வந்தது. அங்கே காப்பி இல்லை, மாவு இல்லை, உடைந்த அரைவையும் ஒரு பொட்டலமும் உண்டு. இனி எந்தத் தெருவுக்கும் செல்லக்கூடிய ஒரு கால் அவளுக்கு வாய்த்துவிட்டது. செல்வதற்குரிய வீடாக அவள் எண்ணியிருந்ததோ ஒன்றே ஒன்றுதான்.

இரண்டாம் மாடியைக் கடந்த திருப்பத்தில் முழங்கால் தீப்போல எரிந்தது. கைப்பிடியில் சாய்ந்து, படிகளின் நடுவே உள்ள இடைவெளி வழியாக அவள் கீழே பார்த்தாள். முதல் மாடிக் கைப்பிடிக்கு மேல் ஸும்ராவின் முகம் நிமிர்ந்திருந்தது. அவள் வலக்கை நீண்டிருந்தது, உள்ளங்கை விரிந்திருந்தது. நில்.

அச்சைகையை எவரும் காட்டலாம். வழியே போகிறவனும் காட்டலாம். ரசேமா பணிந்து நின்றாள்.

நேரம் முடிந்து படிக்கட்டு விளக்கு தானே அணைந்தது. இருளில் தன் மூச்சையன்றி வேறெதனையும் அவளால் கேட்க முடியவில்லை. கீழே கதவு மூடும் ஓசைக்காக அவள் காத்திருந்தாள். அவ்வோசை வரவில்லை. சிறிது பொழுதில் எவரோ விளக்கின் பொத்தானை அழுத்தினர். வெளிச்சம் வந்தபோது ஸும்ரா அதே இடத்தில் நின்றாள். உள்ளங்கை மடங்கியிருந்தது. அவள் முகத்தில் கனிவு இல்லை. வேலையில் இருப்பவரின் கவனம் மட்டுமே இருந்தது. சுட்டுவிரல் மேல்நோக்கி நின்று, மெல்ல, மிக மெல்லச் சுழன்றது. தூக்கு.

ரசேமா நல்ல காலை எடுத்து அடுத்த படியில் வைத்தாள்.